மருந்து அடிக்கும் நேரம்

"பிரசவ வார்டுல மருந்து அடிக்கப் போறாங்க. பாக்க வந்தவங்க எல்லாரும் உடனே கீழ வரணும்னு மைக்ல சொல்லும்மா" என்றது தொலைபேசி.

நான் அந்த மருத்துவமனையின் விசாரணை மேசையில் சேர்ந்த முதல் வாரம் அது. வேலை ஒன்றும் பெரிதில்லை. எக்ஸ்ரே எங்கே என்று கேட்பவருக்கு எக்ஸ்ரே அறையையும், கழிப்பறை எங்கே என்று கேட்பவருக்குக் கழிப்பறையையும் மாற்றிவிடாமல் காட்ட வேண்டும். மாடியிலிருந்து சொல்வதை ஒலிபெருக்கியில் இரண்டு மொழிகளிலும் சொல்ல வேண்டும். இரண்டிலும் படித்திருந்ததால் எனக்கு அந்த வேலை கிடைத்தது. அதிகம் பேசாத பெண்ணைப் பேசுகிற வேலைக்கு எடுத்திருக்கிறோம் என்பது தேர்வு செய்தவர்களுக்குத் தோன்றவில்லை.

"சரிங்க சிஸ்டர்" என்றேன். அத்தோடு வைத்திருக்கலாம். "அம்மாங்களும் குழந்தைங்களும் எங்க போகணும் சிஸ்டர்?" என்று கேட்டுவிட்டேன்.

"அவங்க எதுக்குப் போகணும்?"

"மருந்து அடிக்கறாங்களே."

மறுமுனையில் தொலைவில் ஒரு குழந்தை மட்டும் அழுதது.

"யாரு பேசறது?"

"விசாரணை மேசை."

"மேசை பேசாது. யாரு?"

"புதுசா சேர்ந்திருக்கேன் சிஸ்டர்."

"ஓ, அந்த ரெண்டு பாஷைப் பொண்ணா? இத்தனை வருஷத்துல இந்தக் கேள்வியை ஒருத்தரும் கேட்டதில்ல. டாக்டருங்க கேட்டதில்ல. ஒரு வக்கீல் பேரனைப் பாக்க வந்தாரு, ஊரையே கேள்வி கேக்கற மனுஷன், அவரும் கேக்காமதான் இறங்கிப் போனாரு. நீ வந்த மறுநாளே கேக்கற."

"தப்பா சிஸ்டர்?"

"கேள்வியில தப்பில்ல. போன்ல கேட்டதுதான் தப்பு. ரெண்டு பாஷையிலயும் நல்லாப் பேசுவியாமே?"

"ஓரளவு."

"ரெண்டு பாஷையிலயும் பேசாம இருக்கத் தெரியுமா?"

"அது நல்லாவே தெரியும்."

"அப்ப நீ பொழச்சுக்குவ. அறிவிப்பைப் போடு."

போட்டேன். நான் சொல்லி முடிப்பதற்குள் படிக்கட்டில் கால்கள் இறங்கத் தொடங்கிவிட்டன. பைகளோடும் பிளாஸ்க்குகளோடும் பாதி உரித்த ஆரஞ்சுப் பழங்களோடும், மூக்கைப் பொத்திக்கொண்டு, ஒரு கல்யாணத்துக்கு வந்தது போன்ற கூட்டம் இறங்கியது. "அப்பப்பா, என்ன நெடி! நல்ல ஸ்ட்ராங்கான மருந்துதான் போல" என்றார் ஒரு பெரியவர், மெச்சிக்கொள்ளும் குரலில். மேலே ஒரு சொட்டு மருந்துகூட அடிக்கப்படவில்லை என்பது எனக்கு மாலையில்தான் தெரிந்தது. வார்டின் வாசலில் மட்டும் ஆயா ஒரு வாளிப் பினாயிலை ஊற்றித் துடைத்திருந்தார். தினமும் அப்படித்தான்.

"வாசனை இல்லாம பொய் சொன்னா நிக்காது" என்றார் சிஸ்டர். அன்று மாலை, புதிய பெண்ணின் முகம் எப்படியிருக்கிறது என்று பார்க்கவே கீழே இறங்கி வந்திருந்தார். குள்ளமான உருவம். நடந்தால் கீச்சிடும் ரப்பர் செருப்பு. எதிராளி பேசி முடிக்கும்வரை காத்திருப்பது உடம்புக்குக் கெடுதல் என்று நினைப்பவரைப் போன்ற முகம்.

மருத்துவமனையில் எல்லோரும் அவரைப் பினாயில் சிஸ்டர் என்றார்கள். தனக்கு அப்படியொரு பெயர் இருப்பது அவருக்குத் தெரியாது என்பதில் எல்லோருக்கும் ஏகமனதான நம்பிக்கை. லிஃப்ட்காரர் ஒருமுறை அவர் காதுபடவே சொல்லிவிட்டு, "வேற ஒருத்தரைச் சொன்னேன் சிஸ்டர்" என்று சமாளித்தார். "இங்க வேற யாருப்பா பினாயில்?" என்று அவர் அப்பாவியாகக் கேட்டதை லிஃப்ட்காரர் அப்பாவித்தனம் என்றே எடுத்துக்கொண்டார்.

அவர் பிரசவ வார்டுக்கு ஆசைப்பட்டு வந்தவரல்லர். தாய்மார்களுக்கும் பிஞ்சுகளுக்கும் தொண்டு செய்யவே பிறந்தவர் என்று மருத்துவமனை ஆண்டு மலரில் யாரோ எழுதியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு அன்று முழுவதும் எரிச்சலாக இருந்தார். அவர் ஆசைப்பட்டது ஆபரேஷன் தியேட்டருக்கு.

"அங்க நோயாளி மயக்கத்துல இருப்பாரு. சொந்தக்காரங்க கதவுக்கு வெளிய இருப்பாங்க. டாக்டர் வாயில துணி கட்டியிருப்பாரு. அதைவிட சொர்க்கம் எங்கம்மா இருக்கு?" என்பார்.

ஆள் பற்றாக்குறை என்று தற்காலிகமாகப் பிரசவ வார்டுக்கு அனுப்பினார்கள். அந்தத் தற்காலிகத்தில் அவருக்குத் தலை நரைத்துவிட்டது.

பிரசவ வார்டு என்பது இரண்டு வரிசைக் கட்டில்களும், ஒவ்வொரு கட்டிலையும் சுற்றி நிற்கும் ஒரு பொதுக்குழுவும் சேர்ந்தது. குழந்தை பிறந்த வீட்டில் எல்லோருக்கும் பதவி உயர்வு. நேற்றுவரை யாராகவோ இருந்தவர் இன்று பாட்டி, தாத்தா, மாமன், அத்தை, பெரியப்பா. புதுப் பதவியேற்றவர்கள் சும்மா இருப்பார்களா? கருத்துச் சொல்வார்கள். குழந்தையின் மூக்கு யாருடையது என்பதில் ஆரம்பித்து, தாய்க்குப் பால் போதுமா என்பதில் முடியும். பெற்றவள் நடுவில் மேல்சட்டையை அவிழ்ப்பதா வேண்டாமா என்று விழித்துக்கொண்டு கிடப்பாள்.

சிஸ்டரும் முதலில் நேர்மையான வழிகளைத்தான் முயன்றார். "அமைதி காக்கவும்" என்று பலகை வைத்தார். பலகைக்குக் கீழே உட்கார்ந்து சத்தமாகப் பேசினார்கள். பார்வை நேரம் என்று வைத்தார். "அது மத்தவங்களுக்குச் சிஸ்டர், நான் சொந்தத் தாய்மாமன்" என்றார்கள். கையெடுத்துக் கும்பிட்டுப் பார்த்தார். "பரவாயில்ல சிஸ்டர், உங்களுக்கு எங்களால ஒரு தொந்தரவும் இல்ல" என்று பெருந்தன்மையாக மன்னித்தார்கள்.

பிறகு ஒருநாள் பக்கத்து ஸ்டோர் அறையில் கரப்பான்பூச்சிக்கு மருந்து அடித்தார்கள். நெடி வார்டு வாசல்வரை வந்தது. யாரும் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. சொந்தத் தாய்மாமன்கள் முதலில் ஓடினார்கள். சிஸ்டர் தாய்மார்களை எங்கே கொண்டுபோவது என்று பதறி, ஜன்னல்களைத் திறந்து, ஸ்டோர் ரூம் கதவின் அடியில் துணியை அடைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, நெடியும் இல்லை, சத்தமும் இல்லை. ஒருத்தி தூங்கியிருந்தாள். ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள், யாரும் ஏன் என்று கேட்காததால் நிம்மதியாக. மற்றவர்கள் பால் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து வாயே திறக்காத குழந்தைகள்கூட மடக் மடக்கென்று குடித்தன.

"அப்பதான் புரிஞ்சுது. இவங்களுக்கு மரியாதை வேலைக்கு ஆகாது, கரப்பான்பூச்சி மருந்துதான் ஆகும்னு" என்றார் சிஸ்டர்.

அன்றிலிருந்து தினமும் மதியம் மருந்து அடிக்கப்பட்டது. ஜன்னல் திரைகள் இழுக்கப்படும். ஆயா வாசலைத் துடைத்துவிட்டுக் கதவுக்கு வெளியே காவல் உட்கார்ந்துகொள்வார். சிஸ்டர் தன் கைகளைச் சுடுதண்ணீர்ப் பாட்டிலின்மேல் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போவார். குழந்தை வாயைப் பெரிதாகத் திறக்கும்வரை பொறுக்கச் சொல்வார். தாயின் முதுகுக்குத் தலையணை வைப்பார். வாய் மட்டும் அப்போதும் ஓயாது. ஆனால் அந்த ஒரு வேளையில் அது கிசுகிசுப்பாக மாறும், அவ்வளவுதான்.

நான் எதையும் யாரிடமும் சொல்லவில்லை. தினமும் இரண்டு மொழிகளில் அந்தப் பொய்யைச் சொன்னேன். "உன் குரல்ல பொய் சொன்னா அரசாங்க உத்தரவு மாதிரி இருக்கு. முன்னாடி இருந்த பொண்ணு சினிமாவுக்குக் கூப்பிடற மாதிரி சொல்லுவா. பாதிப் பேரு இறங்கவே மாட்டாங்க" என்று சிஸ்டர் பாராட்டினார். என் வாழ்நாளில் என் குரலை யாராவது பாராட்டியது அதுதான் முதல்முறை.

அடுத்த சில மாதங்களில் என் அக்காவுக்கு அங்கேயே பிரசவம் ஆனது. குறித்த நாளுக்கு முன்பே பிறந்த பெண் குழந்தை. எடை குறைவு. மூச்சும் சூடும் சரியாக இருந்ததால் அக்காவிடமே விட்டிருந்தார்கள். பிரச்சினை ஒன்றுதான், அது குடிக்கவில்லை. மார்பில் போட்டால் இரண்டு தடவை சப்பிவிட்டு, அலுவலகத்தில் உழைத்துக் களைத்தவர்போல் உறங்கிவிடும்.

அக்காவின் கட்டிலைச் சுற்றியும் பொதுக்குழு கூடியது. தலைமை, அக்காவின் மாமியார். எதிர்க்கட்சி, எங்கள் அம்மா. அத்தானின் பெரியப்பா நடுநிலை. அதனால் நாற்காலியைக் கட்டிலுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என் பையன் பொறந்தப்ப இப்படித்தான் தூங்குவான்" என்றார் மாமியார்.

"இப்பவும் அப்படித்தானே சம்பந்தி" என்றார் அம்மா.

"பால் இருந்தாத்தானே குழந்தை முழிக்கும்? ஒரு பாட்டில் பால் குடுத்தா கண்ணைத் திறந்துடும். நான் எதுக்கும் இருக்கட்டும்னு கொண்டுவந்திருக்கேன்" என்று மாமியார் கைப்பையைத் தொட்டுக் காட்டினார்.

"பாட்டில் எல்லாம் வேணாம். எங்க வீட்டுப் பொண்ணுக்குப் பால் இல்லாம இருக்காது" என்றார் அம்மா, ஏதோ பரம்பரைச் சொத்தைப் பற்றிச் சொல்வது போல.

"விடுங்க, விடுங்க, பச்சை உடம்புக்காரி முன்னாடி" என்று பெரியப்பா நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அக்கா போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடந்தாள். மார்பு கல்லாகக் கட்டியிருந்தது. குழந்தையின் எடையோ, பிறந்த குழந்தைக்கு முதலில் குறைவதைவிட அதிகமாகவே குறைந்திருந்தது. குழந்தை மருத்துவர் மறுநாளைக்கு மறுநாள் காலை மீண்டும் எடை போடுவதாகவும், அப்போதும் குறைந்திருந்தால் மேல்மாடியிலுள்ள குறைமாதக் குழந்தைகள் பிரிவுக்கு அனுப்பி மூக்கு வழியாகக் குழாய் போட்டுப் பால் கொடுப்பதாகவும் சொல்லிவிட்டுப் போனார். மேல்மாடியில் அப்போது தாய்களைத் தங்க விடுவதில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம்.

அன்று மதியம் நான் அறிவிப்பைப் போட்டுவிட்டு மாடிக்குப் போனேன். தங்கை என்பதால் அல்ல, ஊழியர் என்பதால் ஆயா உள்ளே விட்டார். அக்கா அழுதுகொண்டிருந்தாள்.

"அழறதா இருந்தா சீக்கிரம் அழுது முடி. நமக்கு நேரம் இல்ல" என்றார் சிஸ்டர்.

"எனக்குப் பால் இல்ல சிஸ்டர்."

"யாரு சொன்னா?"

"எல்லாரும்."

"எல்லாரும் சொன்னா அது கூட்டத் தீர்மானம். பால் இல்லைன்னு அர்த்தம் இல்ல."

குழந்தையின் சட்டையைக் கழற்றி, அக்காவின் வெற்று மார்பில் கவிழ்த்துப் போட்டு, இரண்டு பேரையும் சேர்த்து ஒரு போர்வையால் மூடினார். சூடாக்கிய கையால் மார்பை மெல்ல அழுத்தி எடுத்தார். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு மஞ்சள் துளி. அதைக் குழந்தையின் உதட்டில் வைத்தார். நாக்கு வெளியே வந்து பார்த்தது. மீண்டும் ஒரு துளி. கொஞ்ச நேரத்தில் குழந்தை தானாகத் தலையை அசைத்து, முட்டி மோதி, கவ்வியது. சப்பும் சத்தம் கேட்டது. அக்கா மூச்சுவிடவும் பயந்து என்னைப் பார்த்தாள்.

"மூச்சு விடலாம். அதுக்குத் தடை இல்ல" என்றார் சிஸ்டர்.

அது சிறிது நேரம்தான் குடித்தது. ஆனால் குடித்தது. மிச்சத்தைப் பிழிந்து சிறு கிண்ணத்தில் எடுத்து ஊட்டினார். "இன்னிக்கு இவ்வளவு. நாளைக்கு மதியம் இன்னும் கொஞ்சம் கூடும். மறுநாள் எடை நிக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

எல்லாம் நன்றாகவே போயிருக்கும். அன்று கீழே துரத்தப்பட்ட கூட்டத்தோடு ஒரு மனிதர் நின்றிருந்தார். சிஸ்டரேதான் அவரைத் தோளைத் தொட்டு வெளியே அனுப்பியிருந்தார். யாரோ ஒரு சித்தப்பா என்று நினைத்துவிட்டார். புதிதாகப் பொறுப்பேற்ற நிர்வாகி அவர். யாரிடமும் சொல்லாமல் வார்டுகளைச் சுற்றிப் பார்க்க வந்திருக்கிறார்.

வெளியே தள்ளப்பட்டவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவர் நெகிழ்ந்துபோனார். தினமும் கிருமிநாசினி! எந்த மருத்துவமனையில் இருக்கிறது இப்படி? அந்த நேரத்தில் அவர் ஒரு தரச் சான்றிதழுக்காக ஏங்கிக்கொண்டிருந்தார். நல்லது எதைப் பார்த்தாலும் அதைக் கெடுக்குமளவுக்கு மேம்படுத்திவிடுவது அவர் சுபாவம்.

மறுநாள் காலை புகை அடிக்கும் இயந்திரம் ஒன்றோடு அவரே வார்டுக்கு வந்தார். பளபளவென்று இருந்தது. இனி மதியந்தோறும் அந்த இயந்திரத்தால் முறைப்படி மருந்து அடிக்கப்படும். தாய்களையும் குழந்தைகளையும் முன்கூட்டியே கீழ்த்தளக் கூடத்துக்கு, அதாவது உறவினர்களிடம், பத்திரமாக மாற்றிவிட வேண்டும் என்றார்.

சிஸ்டருக்கு முகம் வெளுத்ததை ஆயா பிறகு எல்லோரிடமும் நடித்துக் காட்டினார். நெடுங்காலத்துக்குப் பிறகு அவர் உண்மை பேச முடிவு செய்தார்.

"சார், இங்க மருந்தே அடிக்கறதில்ல."

"தெரியும் சிஸ்டர். போதுமான வசதி இல்லாம நீங்க எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பீங்கன்னு நேத்தே புரிஞ்சுக்கிட்டேன். அதனாலதான் மெஷின்."

"அதில்ல சார். சொந்தக்காரங்களை வெளிய அனுப்பறதுக்காகச் சும்மா சொல்றது. அம்மாங்க கொஞ்சம் தூங்கவும், பால் குடுக்கவும்."

நிர்வாகி சிரித்தார். "உங்க தன்னடக்கம் எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார்.

சிஸ்டரைத் தன்னடக்கம் உள்ளவர் என்று சொன்ன முதல் மனிதரும் கடைசி மனிதரும் அவர்தான். உண்மை அன்று இன்னொரு இடத்திலும் செல்லாக்காசானது. சிஸ்டர் நேராக அக்காவின் கட்டிலுக்கு வந்து, "நீங்க எல்லாரும் கொஞ்ச நேரம் வெளிய இருந்தாத்தான் இந்தக் குழந்தை குடிக்கும்" என்றார்.

"நாங்க என்ன வேத்தாளா சிஸ்டர்?" என்று மாமியார் சிரித்தார்.

"பெத்தவ நான் பக்கத்துல இருக்கறதுதான் அவளுக்குத் தெம்பே" என்றார் அம்மா. அவர்கள் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

அக்கா என் கையைப் பிடித்தாள். "மறுபடியும் எல்லார் முன்னாடியுமா?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். காலையிலிருந்து குழந்தை ஏதோ பேருக்குத்தான் குடித்திருந்தது. அடுத்த நாள் காலை எடை.

மதியம் நெருங்கும்போது என் மேசையின் தொலைபேசி அடித்தது.

"உன் பின்னாடி சாவி எல்லாம் மாட்டியிருக்குமே, அதுல மாடிக் கூட்ட அறைச் சாவி இருக்கா?"

"இருக்கு சிஸ்டர்."

"அங்க நாற்காலிக்கு எல்லாம் கை இருக்கா?"

"இருக்கு. மெத்தை போட்டது. சாயவும் செய்யும்."

"கதவு உள்பக்கம் தாழ் போடலாமா?"

"போடலாம்."

"ஏன்னு கேக்க மாட்டியா?"

நான் சாவியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.

கூட்ட அறை நிர்வாகக் குழு கூடுவதற்காகக் கட்டப்பட்டது. கம்பளம் விரித்தது. வெளிச்சத்தைக் குறைத்து வைக்க ஒரு திருகு. மனிதர்கள் மணிக்கணக்கில் அலுக்காமல் உட்கார்ந்திருப்பதற்காகச் செய்த நாற்காலிகள். முழங்கை தாங்க, முதுகு சாய, ஒரு பெண் பால் கொடுக்க இதைவிட நல்ல நாற்காலி அந்தக் கட்டடத்தில் வேறு எங்கும் இல்லை. இத்தனை ஆண்டுகளாக அதில் யார் யாரோ உட்கார்ந்து எழுந்து போயிருந்தார்கள்.

கதவைத் திறந்துவைத்துவிட்டுக் கீழே வந்து நான் மைக்கில் சொன்னேன், வழக்கம்போல இரண்டு மொழிகளிலும். உறவினர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கீழே இறங்கினார்கள். தாய்மார்களைக் குழந்தைகளோடு சிஸ்டர் வராந்தா வழியாக நடத்தியும், முடியாதவர்களைச் சக்கர நாற்காலியில் தள்ளியும் கூட்ட அறைக்குக் கொண்டுபோனார். நிர்வாகி ஆணையிட்டபடி வெற்று வார்டில் இயந்திரம் உறுமியது. குபுகுபுவென்று வெள்ளைப் புகை கிளம்பியது. ஆயா அதில் ஊற்றியிருந்தது குழாய்த் தண்ணீர். "பச்சைக் குழந்தைங்க படுக்கற இடம். கண்ட மருந்தையும் நான் ஊத்த மாட்டேன்" என்றார் அவர், பினாயில் வாளியைத் தூக்கிக்கொண்டு.

நான் மறுபடி மாடிக்குப் போனபோது, கூட்ட அறையில் நீள மேசையின் தலைமாட்டில், நிர்வாகியின் நாற்காலியில், அக்கா உட்கார்ந்திருந்தாள். சிஸ்டர் அதையே அவளுக்குத் தேர்ந்தெடுத்தார், அது இன்னும் நன்றாகச் சாயும் என்று. போர்வைக்குள் குழந்தை. நேற்றைப் போலவே துளி, நாக்கு, முட்டல், மோதல். பிறகு அந்தச் சத்தம். மேசையின் இரு பக்கமும் பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி மேசைமேல் தலைவைத்துத் தூங்கியேவிட்டாள். யார் மூக்கு யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. அந்த அறையில் அன்றுபோல் உருப்படியான கூட்டம் ஒன்று அதற்கு முன் நடந்திருக்காது.

கதவு தட்டப்பட்டது. தரச் சான்றிதழ்க் குழுவோடு நிர்வாகி வெளியே நின்றிருந்தார். சிஸ்டர் கதவைத் தலை மட்டும் தெரியும்படி திறந்தார்.

"சிஸ்டர், எங்களுக்கு இங்க மீட்டிங்."

"மருந்து அடிக்கறாங்க சார். வெளிய இருங்க."

"மருந்து வார்டுலதானே?"

"அதனாலதான் எல்லாரும் இங்க இருக்காங்க. நீங்க உள்ள வந்தா கிருமி வரும். இது இப்ப சுத்தப்படுத்தின பகுதி."

நிர்வாகி எட்டிப் பார்த்தார். தன் நாற்காலியில் ஒரு பெண் அமர்ந்து தன் குழந்தைக்குப் பால் கொடுப்பதைக் கண்டதும், கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்த்தார். குழுவினரும் கூரையைப் பார்த்தார்கள்.

"தினமும் இங்கயேவா வருவாங்க?" என்றார் கூரையிடம்.

"உங்க உத்தரவு தினமும்தானே சார்?"

அவர் இரண்டு நாள் வராந்தாவில் நின்றபடி கூட்டம் நடத்திப் பார்த்தார். மூன்றாம் முறை இயந்திரம் பழுதாகியிருக்கக்கூடும் என்று அவருக்கே தோன்றியது. ஆயா அதை உடனே உறுதிப்படுத்தினார். இயந்திரம் பாலித்தீன் உறை போட்டு ஸ்டோர் அறைக்குப் போனது, கரப்பான்பூச்சிகளுக்குத் துணையாக. மதியம் பழையபடி நானும் பினாயிலும் மட்டும் வேலை செய்தோம். சில மாதங்களில் சான்றிதழும் வந்தது. கண்ணாடிச் சட்டமிட்டு வார்டு வாசலிலேயே மாட்டினார்கள். தினசரிக் கிருமிநீக்கத்துக்காகத் தனிப் பாராட்டு அதில் இருக்கிறது.

அக்காவின் குழந்தையை மறுநாள் காலை எடை போட்டார்கள். குறையவில்லை. ஒரு சிட்டிகை கூடியிருந்தது என்றுகூடச் சொல்லலாம். மேல்மாடிக்கு அனுப்பவில்லை. குழந்தை மருத்துவர் தான் எழுதிக் கொடுத்த சொட்டு மருந்து வேலை செய்கிறது என்றார். மாமியார், தான் வாங்கிவந்த போர்வையின் கதகதப்பு என்றார். அம்மா, எங்கள் வீட்டுப் பெண்களுக்கு எப்போதுமே அப்படித்தான் என்றார். பெரியப்பா தன் ராசி என்று அடக்கமாகச் சொல்லிக்கொண்டார்.

சிஸ்டர் ஒன்றும் சொல்லாமல் புன்னகைத்தார் என்று எழுத ஆசைதான். அவர் மருத்துவமனை முழுக்கச் சொல்லித் தீர்த்தார். லிஃப்ட்காரரிடம் இரண்டு தடவை சொன்னார். குழந்தையைப் பெற்றது தவிர மற்ற எல்லாம் தானே செய்தது போலிருந்தது அவர் சொன்ன விதம். அக்கா அதற்காக அவரை மேலும் நேசித்தாள். எனக்கும் அது பிடித்தது. மற்றவர்களைப் போல அவர் இல்லாததைச் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு அவர் மகளுக்கே பிரசவம், அதே வார்டில். சிஸ்டர் விடுப்பு எடுத்துக்கொண்டார். சீருடை இல்லாமல் புடவையில் பார்த்தபோது லிஃப்ட்காரர் எந்த மாடி என்று கேட்டுவிட்டாராம். கையில் இரண்டு பைகள், ஒரு பிளாஸ்க், நான்கு விதப் போர்வைகள். மகளுக்கு ஆண் குழந்தை. வார்டில் அன்று பணியிலிருந்த இளம் சிஸ்டர் காலையிலிருந்தே எனக்குத் தொலைபேசியில் புலம்பிக்கொண்டிருந்தாள். பினாயில் சிஸ்டர் கட்டிலைவிட்டு நகரமாட்டேன் என்கிறார். குழந்தையை இப்படிப் பிடி, அப்படிப் பிடி என்கிறார். மூக்கு தன்னுடையது என்கிறார். சம்பந்தியம்மாளிடம் ஒரு சண்டை ஏற்கனவே முடிந்து அடுத்தது தொடங்கியிருக்கிறது. மகள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். குழந்தை இன்னும் வாய் வைக்கவில்லை.

மதியத்துக்குச் சற்று முன்பு அவரே என் மேசைக்கு இறங்கி வந்தார். என் பின்னால் தொங்கிய சாவிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பேசாமல் நிற்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"இவ பொறந்தப்ப என் கட்டிலைச் சுத்தி ஆறு பேரு. ஒரு பக்கம் என் அம்மா, ஒரு பக்கம் மாமியார். இவளுக்கு ஒரு நாள்கூட என்னால குடுக்க முடியல. பாட்டில்தான். இப்ப அவளைப் பாத்ததும் எல்லாத்தையும் நானே சொல்லிடணும்னு வாய் பறக்குது. என்ன பண்றேன்னு எனக்கே தெரியுது, ஆனா நிறுத்த முடியல" என்றார்.

நான் மைக்கைப் பக்கத்தில் இழுத்தேன்.

"இன்னிக்கு அறிவிப்பு போடு. நான் இறங்க மாட்டேன். உள்ள இருக்கற சின்னப் பொண்ணு என்னைப் பாத்தாலே நடுங்கறா, அவளால அனுப்ப முடியாது. எனக்கு எல்லாம் தெரியும்னு சண்டை போடுவேன். அதனால நீ ஒண்ணு பண்ணும்மா. நான் கீழ வரலைன்னா பேரைச் சொல்லிக் கூப்பிடு. வீட்டுப் பேர் வேணாம், இங்க எல்லாரும் சொல்றீங்களே, அந்தப் பேர். 'பினாயில் சிஸ்டர், மருந்து அடிக்கறாங்க, உடனே கீழ வாங்க'ன்னு. ரெண்டு பாஷையிலயும் சொல்லு."